இன்ஸ்டாகிராமில் நன்றாக விற்கும்போது இமெயில் பட்டியல் எதற்கு?

கேள்வி: உடன்குடியில் இருந்து கருப்பட்டி, பனங்கற்கண்டு, சுக்குக் காப்பித் தூள் விற்கிறோம். மூன்று வருடம் ஆகிறது. இன்ஸ்டாகிராமில் 22 ஆயிரம் பேர் பின்தொடர்கிறார்கள். ஆர்டர் பெரும்பாலும் வாட்ஸ்அப்பில் வருகிறது, கொஞ்சம் அமேசானிலும் போகிறது, சின்னதாக ஒரு வெப்சைட்டும் இருக்கிறது. ஒரு பயிற்சி வகுப்பில் வாடிக்கையாளர்களின் இமெயில் பட்டியல் கட்டாயம் வேண்டும் என்றார்கள். நம் ஊரில் இமெயில் யார் படிக்கிறார்கள்? இது வெளிநாட்டுக்காரர்களுக்குத்தானே சரிப்படும்?

பதில்:

சகோதரி, பதிலுக்கு முன்னால் நான் ஒன்று கேட்கிறேன். போன சித்திரையில் உங்களிடம் முதல் தடவையாகக் கருப்பட்டி வாங்கியவர்களில் எத்தனை பேர் தீபாவளிக்குள் மறுபடி வாங்கினார்கள்? பதினைந்து வருடமாகச் சிறு வியாபாரிகளுக்கு இணையக் கடை அமைத்துத் தருகிறேன். எல்லோரிடமும் முதலில் இதைத்தான் கேட்பேன். பின்தொடர்பவர்கள் எத்தனை பேர் என்று கேட்டால் சட்டென்று சொல்லிவிடுவார்கள். இந்தக் கேள்விக்கு மட்டும் கொஞ்ச நேரம் பேச்சு இருக்காது. வாட்ஸ்அப்பில் தேடிப் பார்க்க வேண்டும், கூரியர் ரசீதைப் புரட்ட வேண்டும் என்பார்கள். பட்டியல் எதற்கு என்பதற்கான பதில் அந்த மௌனத்தில் இருக்கிறது.

உங்களுக்கு மிக அருகில் குலசேகரப்பட்டினம். தசரா பத்து நாளும் அங்கே லட்சக்கணக்கில் கூட்டம் வரும். கடை போடுகிறவருக்கு நல்ல வியாபாரம்தான். ஆனால் பதினோராம் நாள், வாங்கியவர் யார், எந்த ஊர், பொருள் பிடித்திருந்ததா என்று எதுவும் தெரியாது. அடுத்த வருடம் அதே இடம் கிடைக்குமா என்பதும் அவர் கையில் இல்லை. அதே ஊரில் பால் ஊற்றுகிறவருக்கு நாற்பது வீடுதான் இருக்கும். எந்த வீட்டுக்கு அரை லிட்டர், எந்த வீட்டில் வெள்ளிக்கிழமை கூடுதலாகக் கேட்பார்கள், யார் ஊருக்குப் போயிருக்கிறார்கள் என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். அதைத்தான் வாடிக்கை வீடு என்கிறோம். வாடிக்கை என்றாலே வழக்கம். உங்களிடம் ஒரு தடவை வாங்கியவர் இன்னும் வாடிக்கையாளர் ஆகவில்லை. இரண்டாம் தடவை, மூன்றாம் தடவை வரும்போதுதான் ஆகிறார். அவரை இரண்டாம் தடவை வரவழைக்க, அவரை நீங்களே கூப்பிட முடிய வேண்டும்.

இன்ஸ்டாகிராம் தசரா மைதானம். அதை விட வேண்டாம், புது முகங்கள் அங்கேதான் கிடைக்கும். ஆனால் அங்கே நிற்கிற 22 ஆயிரம் பேரை நீங்களாகக் கூப்பிட முடியாது. நீங்கள் போடுகிற படத்தை யாருக்குக் காட்டுவது என்று அந்த நிறுவனம் முடிவு செய்கிறது. 2016 வரைக்கும் அங்கே பதிவுகள் போட்ட நேர வரிசையில் தெரிந்தன. அந்த வருடம்தான் 'யாருக்கு எது பிடிக்கும்' என்று கணித்துக் காட்டும் முறைக்கு மாறினார்கள். ஃபேஸ்புக்கில் 2018 ஜனவரியில், கடைகளின் பதிவுகளைவிட நண்பர்கள், குடும்பத்தாரின் பதிவுகளுக்கு முன்னுரிமை தரப்போவதாக மார்க் ஸக்கர்பெர்க்கே அறிவித்தார். அதுவரை வருடக்கணக்காக லைக் சேர்த்து வைத்திருந்த பக்கங்கள், சொந்த ரசிகர்களுக்கே பதிவு போய்ச் சேர காசு கட்டி விளம்பரம் செய்யும் நிலைக்கு வந்தன. இதில் கோபப்பட ஒன்றும் இல்லை. மைதானம் அவர்களுடையது, விதியும் அவர்களுடையதாகத்தான் இருக்கும்.

மைதானமே இல்லாமல் போன கதையும் உண்டு. 2020 ஜூன் 29 அன்று மத்திய அரசு 59 செயலிகளைத் தடை செய்தது. டிக்டாக் அதில் ஒன்று. அப்போது இந்தியாவில் சுமார் 20 கோடிப் பேர் அதைப் பயன்படுத்திக்கொண்டிருந்தார்கள். அங்கே மட்டுமே ஆள் சேர்த்து வைத்திருந்த சிறு வியாபாரிகளுக்கு, மறுநாள் அவர்களில் ஒருவரைக்கூடக் கூப்பிட வழி இல்லை. 2021 அக்டோபர் 4 அன்று நம் நேரப்படி இரவு 9 மணியைத் தாண்டி ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம், வாட்ஸ்அப் மூன்றும் ஒன்றாக நின்றுபோயின. திரும்ப வர ஆறு மணி நேரத்துக்கு மேல் ஆனது. ஒரு ராத்திரிதான். ஆனால் உங்களைப் போல ஆர்டர், பேச்சு, விளம்பரம் எல்லாமே அந்த மூன்றில் நடக்கிறது என்றால், மொத்தக் கடைக்கும் ஒரே பூட்டு, அதன் சாவி வேறொருவரிடம்.

நான் பக்கத்தில் இருந்து பார்த்த ஒரு சம்பவம். கைத்தறிச் சேலை விற்கும் ஒரு பெண்மணி ஐந்து வருடம் உழைத்து ஒரு சமூக வலைத்தளத்தில் கணக்கு வளர்த்திருந்தார். தீபாவளிக்கு மூன்று வாரம் முன்னால் அந்தக் கணக்கு முடக்கப்பட்டது. என்ன விதியை மீறினார் என்ற விவரம் கடைசிவரை வரவில்லை. மேல்முறையீட்டுப் படிவத்தை நானே உட்கார்ந்து நிரப்பினேன், அதற்கும் பதில் இல்லை. நெசவாளர்களுக்கு முன்பணம் கொடுத்து எடுத்த சேலைகள் வீடு முழுக்கக் கிடந்தன. அவரிடம் இருந்ததெல்லாம் பில் போடும்போது தற்செயலாக வாங்கி வைத்த 340 இமெயில் முகவரிகள். அந்த 340 பேருக்கும் நடந்ததைச் சொல்லி ஒரு கடிதம் எழுதினோம். அந்தத் தீபாவளிச் சரக்கில் பாதிக்கு மேல் அவர்களே எடுத்தார்கள். அன்றிலிருந்து இந்த விஷயத்தை நான் யாரிடமும் லேசாகச் சொல்வதில்லை.

அமேசானில் போகிற ஆர்டர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். அங்கே வாங்குகிறவர் உங்கள் வாடிக்கையாளர் அல்ல, அமேசானின் வாடிக்கையாளர். விற்பவருக்கு அவருடைய உண்மையான இமெயில் தெரியாது. அமேசானே உருவாக்கிக் கொடுக்கும் மறைமுக முகவரிதான் கிடைக்கும். அதற்கு விளம்பரம் அனுப்பக் கூடாது. பெட்டிக்குள் 'அடுத்த தடவை எங்கள் வெப்சைட்டில் வாங்குங்கள்' என்று சீட்டு வைப்பதும் அங்கே விதிமீறல், கணக்கே போய்விடலாம். அதனால் அங்கே விதிப்படி விற்றுக்கொள்ளுங்கள். பட்டியலுக்கான ஆட்களை உங்கள் வெப்சைட்டிலும் வாட்ஸ்அப்பிலும் வரும் ஆர்டர்களிலிருந்து மட்டும் எடுங்கள்.

சரி, இமெயில் யார் படிக்கிறார்கள்?

ஆண்ட்ராய்டு போன் வாங்கியவுடன் பிளே ஸ்டோர் திறக்க கூகுள் கணக்கு கேட்கும். அதனால் நம் ஊரில் போன் வைத்திருக்கும் பெரும்பாலானவர்களிடம், அவர்கள் யோசிக்காமலேயே ஒரு ஜிமெயில் இருக்கிறது. ரயில் டிக்கெட், வங்கிக் கணக்கு விவரம், பிள்ளைகளின் கல்லூரி விண்ணப்பம், வேலைக்கான அழைப்பு எல்லாம் அதில்தான் வருகின்றன. அரட்டை அடிக்க யாரும் இமெயிலுக்குப் போவதில்லை என்பது உண்மை. முக்கியமானது வரும் இடம் என்ற பழக்கம் மட்டும் இன்னும் இருக்கிறது. அப்புறம், உங்கள் பொருளை யார் வாங்குகிறார்கள் என்று பாருங்கள். உடன்குடியில் இருப்பவர் உங்களிடம் ஆன்லைனில் வாங்க மாட்டார், நடந்து போய் வாங்கிக்கொள்வார். சென்னையிலும் பெங்களூரிலும் அலுவலகத்தில் உட்கார்ந்திருப்பவர், அம்மா வீட்டுச் சுக்குக் காப்பியின் ருசி மறக்காமல் துபாயிலும் சிங்கப்பூரிலும் இருப்பவர், ஊருக்கு வரும்போது மொத்தமாக வாங்கிப் போக நினைப்பவர், இவர்கள்தான் உங்கள் ஆட்கள். பகல் முழுக்க இமெயில் திறந்து வைத்திருப்பவர்களும் இவர்களே.

இமெயிலின் பெரிய பலம், அதற்கு முதலாளி இல்லை. 1971இல் ரே டாம்லின்சன் ஒரு கணினியிலிருந்து இன்னொரு கணினிக்கு முதல் மடலை அனுப்பினார். முகவரியில் '@' குறியை வைத்தவரும் அவர்தான். 1982இல் அனுப்பும் முறைக்குப் பொது விதி வகுக்கப்பட்டது. இன்றைக்கும் அடிப்படை அதுதான். ஜிமெயிலில் இருந்து யாஹூவுக்குப் போகும், அங்கிருந்து ஜோஹோவுக்குப் போகும். அனுப்பித் தரும் நிறுவனம் பிடிக்கவில்லை என்றால் உங்கள் பட்டியலை ஒரு சிஎஸ்வி கோப்பாக (எக்செலில் திறக்கும் எளிய அட்டவணை) இறக்கி வேறு இடத்தில் ஏற்றிக்கொள்ளலாம், ஐந்து நிமிட வேலை. இன்ஸ்டாகிராமில் சேர்த்த 22 ஆயிரம் பேரை அப்படி எடுத்துக்கொண்டு போக வழியே இல்லை.

நம் பழைய வியாபாரிகளுக்கு இது புதிதும் அல்ல. பழைய தமிழ்ப் பத்திரிகைகளின் விளம்பரங்களைப் பார்த்திருப்பீர்கள். சித்த மருந்துக்காரர், விதைக்காரர், புத்தகக் கடைக்காரர் எல்லோரும் 'கேட்லாக்குக்கு எழுதவும்' என்று போடுவார்கள். கார்டு எழுதியவரின் பெயரும் முகவரியும் ஒரு பேரேட்டில் ஏறிவிடும். பொருள் விபிபியில் (தபால்காரரிடம் பணம் கட்டிப் பெறும் முறை) போகும், அடுத்த கேட்லாக் தேடி வரும். அந்தப் பேரேட்டை மின்சாரத்தில் வைத்திருப்பதுதான் இமெயில் பட்டியல். இதற்கு இன்றைய சந்தை என்ன விலை வைக்கிறது என்று பார்க்க வேண்டுமானால், 2021இல் மெயில்சிம்ப் என்ற நிறுவனத்தை இன்ட்யூட் என்ற அமெரிக்க மென்பொருள் நிறுவனம் சுமார் 1,200 கோடி டாலருக்கு வாங்கியது. 2001இல் தொடங்கிய அந்த நிறுவனத்தின் அடிப்படைத் தொழில், சிறு கடைகளுக்கு இமெயில் அனுப்பித் தருவது.

வாட்ஸ்அப் போதாதா என்று நீங்கள் கேட்பது எனக்குக் கேட்கிறது. ஆர்டர் எடுக்க, விலை சொல்ல, பார்சல் எங்கே என்று பதில் சொல்ல அதைவிட நல்லது இல்லை. அதை இமெயிலுக்கு மாற்றச் சொல்ல மாட்டேன். ஆனால் ஒரே செய்தியைப் பலருக்குத் தனித்தனியாக அனுப்பும் பிராட்காஸ்ட் வசதியில் ஒரு பட்டியலுக்கு 256 பேர்தான். அதுவும் உங்கள் எண்ணைத் தன் போனில் சேமித்து வைத்தவருக்கு மட்டுமே போகும். பெரிய அளவில் அனுப்ப வேண்டுமென்றால் நிறுவனங்களுக்கென்று வாட்ஸ்அப் வைத்திருக்கும் பிசினஸ் ஏபிஐ வழியாகப் போக வேண்டும், அங்கே விளம்பரச் செய்திகளுக்குக் கட்டணம். நான்கு பேர் 'பிளாக்' அழுத்தினால் எண்ணே போய்விடுமோ என்ற பயம் வேறு. எஸ்எம்எஸ் அனுப்பலாம் என்றால் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் விதிப்படி, அதற்கென்று உள்ள டிஎல்டி பதிவுத் தளத்தில் நிறுவனத்தையும், அனுப்பும் பெயரையும், வாசகத்தையும்கூடப் பதிவு செய்ய வேண்டும். எல்லாவற்றையும்விட எனக்குப் பெரிதாகப் படுவது வேறு. வாட்ஸ்அப் வீட்டு முற்றம் மாதிரி. அங்கே பிள்ளையின் பள்ளிக் குழுவும் அக்காவின் குரல் பதிவும் இருக்கின்றன. அதற்கு நடுவில் நீங்கள் மாதம் நான்கு தடவை கருப்பட்டிப் படம் அனுப்பினால் நல்ல மனிதர்களும் சலித்துப்போவார்கள். இமெயில் தபால் பெட்டி. நேரம் கிடைக்கும்போது எடுத்துப் பார்ப்பார்கள், வேண்டுமானால் வைத்துக்கொள்வார்கள். ஆறு மாதம் கழித்து 'கருப்பட்டி' என்று தேடினால் உங்கள் மடல் வந்து நிற்கும்.

இப்போது ஒரு கணக்கு. எண்கள் உதாரணத்துக்கு, உங்கள் எண்களைப் போட்டு நீங்களே பாருங்கள். பட்டியலில் 600 பேர், எல்லோரும் ஏற்கெனவே உங்களிடம் வாங்கியவர்கள். மாதம் ஒரு மடல் போகிறது. நூற்றில் மூன்று பேர் வாங்கினால் 18 ஆர்டர். ஆர்டருக்கு 200 ரூபாய் நிற்கிறது என்றால் மாதம் 3,600 ரூபாய். சின்னத் தொகைதான். ஆனால் அந்த 18 பேரை வரவழைக்க விளம்பரச் செலவு இல்லை, கமிஷன் இல்லை, 'உண்மையான கருப்பட்டிதானா' என்று கேட்டு அரை மணி நேரம் போனில் நம்ப வைக்கும் வேலையும் இல்லை. அந்த நம்பிக்கையை முதல் ஆர்டரிலேயே சம்பாதித்துவிட்டீர்கள். பட்டியலில் சேர்ந்தவர்களும் அங்கேயே இருப்பார்கள். அடுத்த வருடம் 1,500 பேர் ஆனாலும் கடிதம் எழுதும் உழைப்பு ஒன்றுதான்.

உங்கள் தொழிலுக்கு இது மற்றவர்களைவிடக் கூடுதலாகப் பொருந்துகிறது என்று நினைக்கிறேன். அதனால்தான் இவ்வளவு நீட்டி எழுதுகிறேன். மேசை நாற்காலி விற்கிறவரிடம் ஒருவர் பத்து வருடத்துக்கு ஒரு தடவை வருவார், அவருக்குப் பட்டியலால் ஆதாயம் குறைவு. கருப்பட்டி தீர்ந்துபோகும் பொருள். பருவமும் உண்டு. பங்குனி, சித்திரையில் பதநீர் இறங்கத் தொடங்கி ஆடி, ஆவணி வரை காய்ச்சுவீர்கள், அப்புறம் இருப்பில் இருப்பதுதான். இது வாங்குகிறவர்களில் பாதிப் பேருக்குத் தெரியாது. வருடம் முழுக்க ஆலையில் வருகிற சரக்கு என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். 'இந்த வருடத்து முதல் காய்ச்சல் இன்று வந்தது, நூற்றைம்பது கிலோ, பட்டியலில் இருப்பவர்களுக்கு முதலில் சொல்கிறோம்' என்று ஒரு மடல் போனால் அது விளம்பரம் இல்லை, சேதி. அதைப் பெறுவதற்காகவே ஆட்கள் பட்டியலில் சேர்வார்கள்.

கலப்படப் பயமும் உங்கள் தொழிலில் பெரிது. சீனி கலந்த கருப்பட்டியை வாங்கி ஏமாந்தவர் அடுத்த தடவை எல்லோரையும் சந்தேகப்படுவார். உடன்குடிக் கருப்பட்டிக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது நல்ல விஷயம். ஆனால் ஒரு முத்திரை மட்டும் நம்பிக்கையை உண்டாக்கிவிடாது. கலயத்தின் உள்ளே சுண்ணாம்பு தடவுவது எதற்கு, பதநீர் எவ்வளவு நேரம் காய்கிறது, பதம் பார்ப்பது எப்படி, சிரட்டையில் ஊற்றும்போது கருப்பட்டிக்கு அந்த வடிவம் எப்படி வருகிறது, மழை பெய்தால் பனையேறிக்கு அன்று என்ன ஆகிறது என்பதெல்லாம் உங்களுக்கு அன்றாடம். பெங்களூரில் இருப்பவருக்கு அது புது உலகம். 30 விநாடி ரீல்ஸில் இது அடங்காது. கடிதத்தில் அடங்கும். மாதம் ஒரு கடிதம், முந்நூறு நானூறு சொல், ஒரு படம், கடைசியில் வாங்குவதற்கு ஒரு இணைப்பு. இவ்வளவு போதும். தினமும் தள்ளுபடி, தள்ளுபடி என்று அனுப்புகிற கடைகளைப் பார்த்துப் பயந்துவிட வேண்டாம், அவர்கள் மாதிரி நீங்கள் செய்யவும் வேண்டாம். தள்ளுபடிக்கே பழக்கிவிட்டால் முழு விலைக்கு ஒருவரும் வாங்க மாட்டார்கள். பனையேறிக்குக் கொடுக்க வேண்டிய கூலியை அந்தத் தள்ளுபடி தின்றுவிடும்.

மாதக் கடிதத்தைத் தவிர தானாகப் போகும்படி மூன்று மடல்கள் அமைத்து வையுங்கள். சேர்ந்தவுடன் ஒரு வரவேற்பு. பார்சல் போய்ச் சேர்ந்த இரண்டாம் நாள், கருப்பட்டியை எப்படி வைத்திருப்பது என்று ஒன்று. மழைக்காலத்தில் கசிந்தால் கெட்டுப்போனது என்று நினைத்துத் தூக்கிப் போடுகிறார்கள். காற்றுப் புகாத டப்பா, ஈரம் படாத இடம், அடுப்படிப் பரணில் வைத்த பழைய வழக்கம் என்று எழுதுங்கள். குறை சொல்லி வரும் போன்களில் பாதி இதனாலேயே நின்றுவிடும். மூன்றாவது, வாங்கிய கருப்பட்டி எத்தனை நாளில் தீரும் என்று கணித்து, அதற்கு ஒரு வாரம் முன்னால் ஒரு நினைவூட்டல். நாலு பேர் உள்ள வீட்டில் ஒரு கிலோ எவ்வளவு நாள் வரும் என்பது உங்களுக்கே தெரியும்.

அடுத்து, பட்டியல் எப்படிச் சேரக் கூடாது என்பது. யாராவது 'பத்தாயிரம் இமெயில் முகவரி, இரண்டாயிரம் ரூபாய்' என்று விற்க வருவார்கள். வாங்கவே வேண்டாம். 1978 மே 3 அன்று கேரி தர்க் என்ற விற்பனையாளர், தன் கம்ப்யூட்டர் கம்பெனியின் கூட்டத்துக்கு அழைத்து, இணையத்தின் முன்னோடியான அன்றைய அர்பாநெட்டில் இருந்த சுமார் 400 பேருக்கு அவர்கள் கேட்காமலேயே மடல் அனுப்பினார். உலகின் முதல் ஸ்பாம் என்று அதைச் சொல்கிறார்கள். அன்றைக்கே பலத்த கண்டனம் எழுந்தது. இன்று கண்டனம் செய்ய யாரும் மெனக்கெடுவதில்லை, 'ஸ்பாம்' பொத்தானை ஒரு தட்டு. போதுமான பேர் தட்டினால், விரும்பிச் சேர்ந்தவருக்கும் உங்கள் மடல் போகாது. கூகுளும் யாஹூவும் 2024 பிப்ரவரியிலிருந்து இதில் கறாராகிவிட்டன. ஒரே நாளில் ஜிமெயில் முகவரிகளுக்கு 5,000க்கு மேல் அனுப்புகிறவர்களுக்கு விதிகள் கடுமை. ஸ்பாம் புகார் 0.3 சதவீதத்தைத் தொடக் கூடாது, அதாவது ஆயிரம் மடலுக்கு மூன்று புகார் வந்தாலே ஆபத்து. விலக நினைப்பவர் ஒரே தட்டில் விலக வழி இருக்க வேண்டும், கேட்ட இரண்டு நாளுக்குள் எடுத்துவிட வேண்டும். நீங்கள் 5,000 அனுப்பப் போவதில்லை. இருந்தாலும் முதல் நாளிலிருந்தே இப்படிப் பழகிவிடுங்கள்.

சட்டமும் இருக்கிறது. 2023இல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், எதற்காக என்று தெளிவாகச் சொல்லிச் சம்மதம் வாங்கச் சொல்கிறது. சம்மதம் கொடுப்பது எவ்வளவு சுலபமோ, திரும்பப் பெறுவதும் அவ்வளவு சுலபமாக இருக்க வேண்டும் என்கிறது. ஆகவே ஆர்டர் பக்கத்தில் 'புதுக் காய்ச்சல் வந்ததும் எனக்கு மடல் அனுப்புங்கள்' என்று ஒரு கட்டம் வையுங்கள். டிக் போடாமல் காலியாக இருக்கட்டும், வேண்டியவர் போடட்டும். சேர்ந்தவருக்கு ஒரு உறுதி மடல் போய், அதில் தட்டிய பிறகே பட்டியலில் ஏறும்படி அமையுங்கள். எண்ணிக்கை கொஞ்சம் குறையும், ஆனால் தப்பும் தவறுமாக அடித்த முகவரிகள் உள்ளே வராது. பெயர், இமெயில், ஊர் இந்த மூன்று போதும். பிறந்த தேதி, சம்பளம் எல்லாம் நமக்கு எதற்கு? சித்தப்பா மகன் ஊறுகாய்க் கடை ஆரம்பித்திருக்கிறார் என்று பட்டியலை அவருக்குக் கொடுக்கவும் கூடாது. ஒவ்வொரு முகவரியும் உங்களை நம்பிக் கொடுத்தது.

சொந்த வழியில் வரும் ஆர்டர்களின் பெட்டிக்குள் ஒரு சின்ன அட்டை வையுங்கள். ஒரு பக்கம் சுக்குக் காப்பி போடும் அளவு, மறுபக்கம் கியூஆர் குறி. அளவு எழுதிய அட்டையைச் சமையலறையில் ஒட்டி வைப்பார்கள், அப்புறமாவது சேர்வார்கள். வாட்ஸ்அப்பில் ஆர்டர் எடுக்கும்போது முகவரியோடு சேர்த்து 'பருவச் சேதி அனுப்பலாமா, இமெயில் கொடுக்கிறீர்களா?' என்று ஒரு வரி கேளுங்கள். இமெயில் இல்லை என்கிற பெரியவர்களை வற்புறுத்த வேண்டாம். அவர்களுக்கு வருடத்துக்கு இரண்டு தடவை போன் போட்டு நலம் விசாரியுங்கள், அது இமெயிலைவிட உயர்ந்தது.

கணினி வேலையைப் பற்றிச் சுருக்கமாக. உங்கள் சொந்த ஜிமெயிலில் இருந்து நூற்றுக்கணக்கானவர்களுக்கு மொத்தமாக அனுப்பாதீர்கள். ஒரு நாளைக்கு 500 பேர் என்று வரம்பு உண்டு, விலகும் வசதியும் இருக்காது. 'டூ' பெட்டியில் எல்லா முகவரியையும் போட்டு ஒருவருடையதை இன்னொருவருக்குக் காட்டிவிடும் தவறும் அங்கேதான் நடக்கும். இதற்கென்றே மெயில்சிம்ப், பிரெவோ, ஜோஹோ கேம்பைன்ஸ் போன்ற சேவைகள் இருக்கின்றன. எது வேண்டுமானாலும் சரி. வெப்சைட்டின் பெயரிலேயே ஓர் இமெயில் முகவரி வைத்துக்கொண்டு அதிலிருந்து அனுப்புங்கள். எஸ்பிஎஃப், டிகேஐஎம், டிமார்க் என்று மூன்றைச் செய்யச் சொல்வார்கள். முதலாவது, உங்கள் பெயரில் அனுப்ப யாருக்கு உரிமை என்ற பட்டியல். இரண்டாவது, வழியில் யாரும் மாற்றவில்லை என்பதற்கான முத்திரை. மூன்றாவது, இவை பொருந்தாவிட்டால் அந்த மடலை என்ன செய்வது என்ற உத்தரவு. வெப்சைட் செய்து கொடுத்தவர் அரை மணியில் முடித்துவிடுவார், ஒரே தடவைதான்.

கடிதத்தைப் போஸ்டர் மாதிரி ஒரே படமாகச் செய்து அனுப்பாதீர்கள். நம் ஊரில் பலரும் செய்யும் தவறு இது. படம் திறக்காவிட்டால் வெறும் வெள்ளைப் பெட்டிதான் தெரியும், தேடினாலும் கிடைக்காது. மடல் 102 கேபி தாண்டினால் ஜிமெயில் மீதியை வெட்டி மறைத்துவிடும். அநேகமாக விலகும் இணைப்பும் அதோடு மறைந்துபோகும். தலைப்பு நாலைந்து சொல்லுக்குள் இருக்கட்டும், தமிழ் எழுத்து அகலம், போனில் பாதிதான் தெரியும். எத்தனை பேர் திறந்தார்கள் என்ற எண்ணையும் நம்பாதீர்கள். 2021இல் ஆப்பிள் கொண்டுவந்த அந்தரங்கப் பாதுகாப்பு, ஆள் படிக்காமலேயே மடல் திறந்ததாகக் காட்டிவிடும். எத்தனை பேர் இணைப்பைத் தட்டினார்கள், எத்தனை பேர் பதில் எழுதினார்கள், எத்தனை ஆர்டர் வந்தது என்று மட்டும் பாருங்கள். ஒரு வருடமாக எதையும் தட்டாதவரிடம் 'இன்னும் அனுப்பட்டுமா?' என்று ஒரு தடவை கேட்டுவிட்டு, பதில் இல்லையென்றால் எடுத்துவிடுங்கள்.

இந்த வாரம் செய்ய வேண்டியது ஒன்றுதான். கடந்த ஒரு வருடத்தில் இரண்டு தடவையாவது வாங்கியவர்களை வாட்ஸ்அப்பில் தேடி எடுத்து, ஒவ்வொருவரிடமும் பெயர் சொல்லித் தனித்தனியாகக் கேளுங்கள். முப்பது பேர் இமெயில் கொடுத்தாலும் போதும். அவர்களுக்கு முதல் கடிதம் இப்படி இருக்கலாம்:

"வணக்கம். உடன்குடியில் இருந்து எழுதுகிறோம். எங்களிடம் ஒரு தடவைக்கு மேல் கருப்பட்டி வாங்கிய உங்களுக்குத்தான் முதல் கடிதம். இனி மாதம் ஒரு தடவை, காட்டில் என்ன நடக்கிறது, புதுக் காய்ச்சல் எப்போது வருகிறது என்று எழுதுவோம். வேண்டாம் என்றால் கீழே உள்ள இணைப்பைத் தட்டுங்கள், உடனே நிறுத்திவிடுவோம். ஒரு கேள்வி: உங்கள் வீட்டில் கருப்பட்டியை எதற்குப் பயன்படுத்துகிறீர்கள்? இந்த மடலுக்கே பதில் எழுதுங்கள், நாங்களே படிப்போம்."

வருகிற பதில்களைத் தனியாக ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். பிள்ளைப்பேற்று மருந்துக்கு என்று ஒருவர் எழுதுவார், காலைக் காப்பிக்கு என்று ஒருவர், அதிரசத்துக்கு என்று ஒருவர். ஐப்பசி பிறந்ததும் அதிரசக்காரருக்கு என்ன எழுத வேண்டும் என்பது அப்போது உங்களுக்கே தெரிந்திருக்கும்.